தக்காயாமா: தச்சர்களின் மலையூரில் இரண்டு இரவுகள்

ஜப்பான் பயணத் திட்டத்தில் தக்காயாமாவுக்கு அரை நாள் ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். காலை பத்து மணிக்குமேல் வந்து இறங்குவது, பழைய தெருவில் ஒரு நடை, குச்சியில் செருகிய மாட்டிறைச்சி ஒன்று, பத்துப் பதினைந்து படங்கள், மதியம் ஷிராகவாகோ என்ற மலைக் கிராமத்துக்குப் பஸ். அந்தப் பதினொன்று முதல் மூன்று மணி வரையிலான நேரத்தில்தான் அந்த ஊர் அந்த ஊராக இருப்பதில்லை. தெரு முழுக்கத் தலைகள். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதே தெருவில் நின்று பாருங்கள், வேறு ஊர் மாதிரி இருக்கும். அதனால் முதல் யோசனை: இரண்டு இரவு தங்குங்கள். முடியாவிட்டால் ஒரு இரவாவது. அதுவும் முடியாதென்றால் அடுத்த பயணத்துக்கு ஒத்திவைப்பது மேல்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிஃபு மாகாணத்தின் வடக்கே, ஹிடா என்ற மலைநாட்டின் நடுவில் இருக்கிறது தக்காயாமா. ஊரின் மையமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 570 மீட்டர். 2005-ல் சுற்றியிருந்த சிற்றூர்களையும் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டதில், பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய நகராட்சியாகிவிட்டது. ஏறத்தாழ 2,178 சதுர கிலோமீட்டர். டோக்கியோ பெருநகரப் பகுதி முழுவதும் சேர்ந்தே கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆனால் இங்கே மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடாது. பத்தில் ஒன்பது பங்கு காடு.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தங்குமிடம் தேடும்போது 'தக்காயாமா' என்று வருவதையெல்லாம் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக் கிராமமும் கணக்குப்படி தக்காயாமாதான். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரமா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விளைநிலம் குறைவு, மரம் ஏராளம். ஊரின் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சட்டத்திலேயே ஹிடாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு இருந்தது. துணியாகவும் உடலுழைப்பாகவும் செலுத்த வேண்டிய வரிகளைச் செலுத்த வேண்டாம், பதிலுக்குத் தச்சர்களை அனுப்பினால் போதும். ஐம்பது வீடுகள் கொண்ட ஓர் ஊருக்குப் பத்துப் பேர் என்று கணக்கு. அவர்கள் மலை இறங்கித் தலைநகருக்கு நடந்துபோய் அரண்மனைகளையும் கோயில்களையும் கட்டினார்கள். 'ஹிடா நோ தக்குமி', அதாவது ஹிடாவின் கைவினைஞர் என்ற பெயர் அப்படி நிலைத்தது. இந்த ஊரில் தேர், வீடு, தட்டு என்று எதைப் பார்த்தாலும், வரிக்குப் பதிலாக ஆசாரிகளை அனுப்பிய நாடு இது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். பார்வையே மாறும்.

போய்ச் சேர்வது

நகோயாவிலிருந்து 'ஹிடா' விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், டொயாமாவிலிருந்து ஒன்றரை மணி. டோக்கியோவின் ஷின்ஜுக்குவிலிருந்து நேரடிப் பஸ்ஸும் உண்டு, ஐந்தரை மணி நேரம் ஆகும்.

நகோயாவில் ஏறும்போது இருக்கைகள் எல்லாம் பின்னோக்கித் திரும்பியிருக்கும். பதறிப்போய்த் திருப்ப வேண்டாம். கிஃபு நிலையத்தில் ரயில் திசை மாறும். அங்கிருந்து கடைசிவரை நீங்கள் முன்னோக்கித்தான் உட்கார்ந்திருப்பீர்கள். கெரோ என்ற ஊருக்கு முன்னால் வரும் மலை இடுக்கில் தண்டவாளம் ஆற்றைக் குறுக்கே கடந்து கடந்து போவதால், எந்தப் பக்க ஜன்னல் என்ற கவலையும் தேவையில்லை.

நிலையத்தில் கிழக்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள். பழைய ஊர் பத்துப் பன்னிரண்டு நிமிட நடைதான். வழியில் கொக்குபுன்ஜி கோயிலில் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் ஜிங்கோ மரம் ஒன்று நிற்கிறது. அதன் இலைகள் உதிர்ந்தால் பனி வரப்போகிறது என்பது உள்ளூர்க்காரர்களின் கணக்கு.

திருவிழாவுக்கா, சும்மா பார்க்கவா?

தேதியை முடிவு செய்யும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். தக்காயாமா மட்சுரி என்று உலகம் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனித் திருவிழாக்கள். ஏப்ரல் 14, 15 தேதிகளில் ஹியே கோயிலின் சன்னோ விழா. அக்டோபர் 9, 10 தேதிகளில் சகுராயாமா ஹாச்சிமான் கோயிலின் விழா. என்ன கிழமையாக இருந்தாலும் தேதி மாறாது. யாசுகவா தெரு என்று ஒன்று ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதற்குத் தெற்கே இருப்பவர்களுக்கு வசந்த விழா, வடக்கே இருப்பவர்களுக்கு இலையுதிர்கால விழா. ஒன்று விளைச்சல் வேண்டி, மற்றது விளைந்ததற்கு நன்றி சொல்லி.

விழாவின் நாயகன் 'யத்தாய்'. வேறு பெயர் தேட வேண்டியதில்லை, தேர்தான். வசந்தத்துக்கு 12, இலையுதிர்காலத்துக்கு 11. ஒவ்வொரு தேருக்கும் சொந்தமாக ஒரு தெருக்கூட்டம் உண்டு. பராமரிப்பதும் இழுப்பதும் அவர்கள் பொறுப்பு. செல்வம் சேர்த்த வணிகர்கள் ஒரு தெருவை இன்னொரு தெரு மிஞ்ச வேண்டும் என்ற வீம்பில் தச்சர்களுக்கும் சிற்பிகளுக்கும் அரக்குப் பூச்சுக்காரர்களுக்கும் வாரி இறைத்ததன் விளைவு இவை. 2016-ல் யுனெஸ்கோ ஜப்பானின் 33 தேர் விழாக்களை ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தபோது தக்காயாமாவும் அதில் இடம்பெற்றது.

தேர் நிற்கும்போது எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். நீங்கள் கீழேயும் பாருங்கள். தெருமுனையில் திரும்ப வேண்டியபோது, உள்ளே ஒளித்து வைத்த கூடுதல் சக்கரம் ஒன்றை இறக்கி, தேரின் எடையை அதன்மேல் ஏற்றித் திருப்புவார்கள். அந்த நிமிடம் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சில தேர்களின் உச்சியில் பொம்மலாட்டம் உண்டு, 'கராக்குரி' என்பார்கள். வசந்தத்தில் மூன்று தேர்களில் ஆடுகிறது: பெட்டிக்குள் முகத்தை நுழைக்கும் சிறுவன் கிழவனாக நிமிர்கிறான், ஆடிக்கொண்டிருந்த அழகி சிங்கமாக மாறுகிறாள், சிறுவன் சுமந்துவந்த குடத்திலிருந்து நாக தெய்வம் வெடித்துக் கிளம்புகிறது. இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு தேர், ஹோத்தெய்தாய். ஆனால் நுணுக்கத்தில் அதற்கே முதலிடம் கொடுப்பேன். இரண்டு குழந்தைப் பொம்மைகள் ஊஞ்சல் ஊஞ்சலாகத் தாவி வந்து தொப்பைச் சாமியான ஹோத்தெய் மேல் ஏறிக்கொள்ளும். தேருக்குள் மறைந்திருப்பவர்கள் 36 கயிறுகளை இழுத்து இதை நடத்துகிறார்கள். தாவும் பொம்மைக்கும் அவர்கள் கைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற தொடர்பே இருக்காது. நாளுக்கு இரண்டு ஆட்டம். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்காவிட்டால் முன்னால் இருப்பவரின் தொப்பியைத்தான் பார்க்க முடியும்.

இரவு ஊர்வலம் முதல் நாள் மட்டுமே: ஏப்ரல் 14, அக்டோபர் 9. தேருக்கு நூறு காகித விளக்கு வீதம் ஏற்றிக்கொண்டு இருட்டில் ஊரைச் சுற்றும். கடைசியில் பிரிவுப் பாட்டுப் பாடியபடி ஒவ்வொன்றும் தன் நிலைக்குத் திரும்பும். ஒரு நாள்தான் முடியும் என்றால் முதல் நாளைத் தேர்ந்தெடுங்கள். இரவில் நன்றாகக் குளிரும், அக்டோபரிலும்தான்.

அப்புறம், மழை. தூறல் விழுந்தாலே தேர் வெளியே வராது. அரக்கும் தங்கமும் பழைய திரைச்சீலைகளும் நனையக்கூடாது என்பதால் இதில் சமரசமே கிடையாது. மறுநாளுக்கு ஒத்திவைப்பதும் இல்லை. அந்த வருடம் அவ்வளவுதான். அப்படி ஆகிவிட்டால் மனம் தளராமல் தேர்நிலைகளைத் தேடிப் போங்கள். ஊருக்குள் அங்கங்கே, வீடுகளுக்கு நடுவே, ஒடுங்கி உயர்ந்த வெள்ளைக் கட்டடங்களாக நிற்கும்; கதவும் அதே உயரம். மழை நாளில் பெரும்பாலும் கதவைத் திறந்து தேரைக் காட்டுவார்கள். கூட்டத்தின் முதுகைப் பார்க்காமல் சிற்பங்களைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்பதால் இது ஒரு வகையில் லாபம்கூட.

விழா நாட்களில் ஊருக்குள் அறை கிடைப்பது பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ரயிலில் கால் மணி தள்ளியிருக்கும் ஹிடா ஃபுருகவா, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கெரோ, இல்லாவிட்டால் டொயாமா என்று தேடுங்கள். கடைசி ரயில் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் வண்டிகள் குறைவு. விழா இல்லாத நாளில் போகிறவர்களுக்கு ஹாச்சிமான் கோயில் வளாகத்திலேயே யத்தாய் அரங்கம் இருக்கிறது. இலையுதிர்காலத் தேர்களில் நான்கை வருடத்துக்கு மூன்று முறை மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

முதல் காலை: சந்தை, ஜின்யா, தெரு

ஆறரைக்கு எழுந்துவிடுங்கள். மியாகவா ஆற்றங்கரையில் ஒரு காலைச் சந்தை, ஜின்யா என்ற பழைய ஆட்சி அலுவலகத்தின் வாசலில் இன்னொன்று. மியாகவா சந்தை ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏழு மணிக்கும் குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் தொடங்கி, பன்னிரண்டுக்கு முடிகிறது. ஆற்றங்கரைச் சந்தையில் பயணிகளுக்கான பொருள் அதிகம். உள்ளூர் வாசனை வேண்டுமென்றால் ஜின்யா வாசல்தான்: காய்கறி, பூ, வீட்டிலேயே போட்ட சிவப்பு டர்னிப் ஊறுகாய், அவற்றை விற்கும் பாட்டிகள். ருசி பார்க்கக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். சில்லறை யென் நாணயங்கள் கையில் இருக்கட்டும். கிளம்பும்போது பாட்டி 'தமெராத்தே' என்று சொன்னால் குழம்ப வேண்டாம். பொது ஜப்பானிய மொழியில் அது 'தயங்கு' என்ற பொருள்படும் சொல். ஹிடா பேச்சில் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம்.

சந்தையிலிருந்து திரும்பினால் எதிரிலேயே தக்காயாமா ஜின்யா. ஹிடாவை ஆறு தலைமுறையாக ஆண்ட கனமோரி குடும்பத்தை 1692-ல், ஜப்பானையே ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு வடக்கே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டு, இந்த நாட்டைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. மரமும் கனிமச் சுரங்கங்களும்தான் காரணம். அடுத்த மூன்று ஆண்டுகளில் கோட்டையையும் இடித்துவிட்டார்கள். அதன்பின் எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, வந்த அதிகாரிகள் உட்கார்ந்து ஆண்ட அலுவலகம் இது. நாடு முழுக்க இப்படி அறுபதுக்கும் மேல் இருந்தவற்றில் முக்கியக் கட்டடம் எஞ்சியிருப்பது இங்கே மட்டும்தான். 1969 வரை ஏதாவதொரு அரசு அலுவலகமாக இயங்கியதால் பிழைத்தது.

உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். குளிர்காலத்தில் பலகைத் தரை பாதத்தைச் சுடுகிற மாதிரி குளிரும், தடித்த காலுறை போட்டுப் போங்கள். மரச் சட்டங்களில் ஆணித் தலைகளை மறைக்க முயல் வடிவ உலோக மூடிகள் இருக்கும், தேடிப் பிடியுங்கள். பாய் விரித்த அறைகளை வேகமாகக் கடந்தாலும், விசாரணை முற்றத்திலும் நெல் கிடங்கிலும் நில்லுங்கள். கிடங்கு இடிபட்ட கோட்டையிலிருந்து 1695-ல் பெயர்த்துக் கொண்டுவந்தது. வரியை ஏற்றியதை எதிர்த்து ஹிடா விவசாயிகள் 1771 முதல் 1788 வரை, பதினெட்டு ஆண்டுகள், விட்டுவிட்டுக் கிளர்ந்தார்கள். ஓஹாரா கலகம் என்று பெயர். ஓஹாரா என்பது அப்போதைய அதிகாரியின் குடும்பப் பெயர். பிடிபட்டவர்களில் பலர் உயிரை இழந்தார்கள். அழகான தோட்டத்தை ரசித்துவிட்டு இந்த முற்றத்துக்கு வரும்போது கொஞ்சம் உறுத்தும்.

சிவப்பு நாக்காபாஷி பாலத்தைத் தாண்டினால் சன்மச்சி, பழைய வணிகர் தெருக்கள். கறுத்த மரச்சட்ட முகப்பு, தாழ்ந்த கூரை, வாசலோரம் ஓடும் வாய்க்கால். சில கடைகளின் கூரை விளிம்பில் தேவதாரு இலைகளால் செய்த பெரிய உருண்டை தொங்கும்: அரிசி மது வடிக்கும் இடம் என்று பொருள். புதிதாக வடித்ததும் பச்சை உருண்டையைக் கட்டுவார்கள்; அது பழுப்பாகும் வேகத்தில் மதுவும் பக்குவப்படுகிறது என்று கணக்கு. தெருவில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம், வாங்கிய கடை வாசலிலேயே நின்று முடித்துவிட்டுக் குச்சியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். வேறெங்கும் குப்பைத்தொட்டி கிடைக்காது.

வீடுகளுக்கு உள்ளே பார்க்க ஆசையா? வடக்கே சற்று நடந்து குசாகாபே, யோஷிஜிமா இல்லங்களுக்குப் போங்கள். முன்னது 1875 தீவிபத்துக்குப் பிறகு 1879-ல் கட்டியது. யோஷிஜிமா வீட்டுக் கூடத்தில் நிமிர்ந்து பாருங்கள். உத்தரமும் தூணும் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஏறும் அந்தக் கூரைக்காகவே நுழைவுச்சீட்டு வாங்கலாம். ஐந்து மணிக்குக் கடைகள் மூடிவிடும். அதற்கப்புறம் திரும்பவும் ஒருமுறை தெருவில் நடங்கள்.

சாப்பாடு, குறிப்பாக சைவர்களுக்கு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. கிஃபு மாகாணத்தில் 14 மாதத்துக்குக் குறையாமல் வளர்ந்து, தரத்தில் தேறிய மாடுதான் ஹிடா மாட்டிறைச்சி என்ற பெயரைப் பெறும். தக்காயாமா ராமென் மெல்லிய சுருள் நூடுல்ஸ், சோயா சாற்றுக் குழம்பு. உள்ளூர்க்காரர்கள் 'சூக்கா சோபா' என்றே சொல்வார்கள்.

சைவர்கள் கொஞ்சம் தயாராகப் போக வேண்டும். காய்கறி மட்டும் தெரிகிற கிண்ணத்திலும் தாஷி, அதாவது உலர்மீன் சாறு, ஒளிந்திருக்கும். 'நிக்கு தோ சக்கானா வ தபேமசென்' என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். அதோடு நிறுத்தாமல் 'கத்சுவோ தாஷி மோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். தங்கும் விடுதியில் இரவு உணவும் சேர்த்துப் பதிவு செய்தால், வந்து இறங்கிய பிறகு சொல்லாமல் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

நம்பிச் சாப்பிடக் கூடியவையும் உண்டு. தெருவோரம் சுடும் மித்தராஷி தாங்கோ, அரிசிமாவு உருண்டைகள். மற்ற ஊர்களில் இனிப்புப் பாகில் தோய்ப்பார்கள், இங்கே வெறும் சோயா சாறு தடவி நெருப்பில் வாட்டுகிறார்கள். விடுதிக் காலை உணவில் ஹோபா மிசோ வரும்: காய்ந்த மக்னோலியா இலையை அடுப்பின்மேல் வைத்து, அதில் மிசோ என்ற புளித்த சோயா விழுதும் வெங்காயத்தாளும் காளானும் சூடேறும். இலை கருகும் வாசனையோடு சோற்றில் பிசைந்தால் வேறெதுவும் வேண்டாம். அந்த மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். 'த்சுகெமோனோ ஸ்டேக்' என்பது பேரில்தான் ஸ்டேக். புளித்த ஊறுகாயை இரும்புத் தட்டில் முட்டையோடு வதக்கியது. உறைந்துபோன குளிர்கால ஊறுகாயை வீணாக்காமல் இருக்கக் கண்டுபிடித்த பண்டம். முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்று ஒருமுறை ஆசையாகக் கேட்டு வாங்கினேன். மேலே தூவியிருந்த உலர்மீன் சீவல்கள் சூட்டில் நெளிந்து நெளிந்து ஆடிக்கொண்டு வந்தன. சீவல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

உள்ளூர்க்காரர் யாராவது விருந்துக்கு அழைத்தால் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். விருந்து தொடங்கிச் சற்று நேரம் கழித்து, எல்லோரும் சேர்ந்து 'மெதெத்தா' என்ற மங்கலப் பாட்டைப் பாடுவார்கள். அது முடியும்வரை இடத்தைவிட்டு எழுந்து மற்றவருக்கு மது ஊற்றப் போகக்கூடாது. பாட்டு முடிந்ததும் கட்டுப்பாடு தளரும். கிளம்ப வேண்டியவர்களும் அதன்பிறகுதான் கிளம்பலாம்.

இரண்டாம் நாள்

மலைநாட்டு வீடுகளைப் பார்க்க எல்லோரும் ஷிராகவாகோவுக்கு ஓடுகிறார்கள். பஸ்ஸில் ஐம்பது நிமிடம்தான், 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், போகலாம். ஆனால் குளிர்கால விளக்கேற்றத்துக்கு முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். நேரம் குறைவு என்றால் நிலையத்திலிருந்து பத்து நிமிடப் பஸ் தூரத்தில் ஹிடா நோ சாத்தோ இருக்கிறது. 1971-ல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம், முப்பதுக்கும் மேற்பட்ட பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டு நடுவில் கணப்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைதான் கூரைப் புல்லையும் அதைக் கட்டிய கயிறுகளையும் பூச்சி அரிக்காமல் காக்கிறது. சட்டையில் ஒட்டும் வாசனை இரண்டு நாள் போகாது.

மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் ஷின்ஹோத்தாக்கா ரோப் காருக்குப் போகலாம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல். இரண்டடுக்குப் பெட்டியில் 2,156 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும். கிளம்பும் முன் மேலே மேகம் எப்படி என்று விசாரியுங்கள். மேகம் மூடிய நாளில் பணம் தண்டம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் சறுக்காத அடிப்பாகம் உள்ள காலணி இல்லாமல் போக வேண்டாம். வெப்பநிலை மைனஸ் பத்தைத் தொடும். ஜனவரி 24 அன்று ஊருக்குள் ஒரு பழைய சந்தை கூடும். விவசாயிகள் பனிக்காலத்தில் முடைந்த வைக்கோல் பொருட்களும் மரச் சீவல் தொப்பிகளும் விற்பார்கள். பெண் குழந்தைகளின் பொம்மைத் திருவிழாவை ஜப்பான் மார்ச் 3 அன்று கொண்டாட, இங்கே ஏப்ரல் 3. மார்ச்சில் இந்தக் குளிரில் விழாவுக்குரிய பீச் மரம் எங்கே பூக்கும்?

எதை வாங்குவது

சிவப்புத் துணியில் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாத பொம்மை எல்லாக் கடையிலும் தொங்கும். பெயர் சாருபோபோ, குரங்குக் குட்டி. பாட்டிகள் பேரக் குழந்தைகளுக்கும், பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் மகள்களுக்கும் தைத்துக் கொடுத்தது. இப்போது நீலம், மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு பலனுக்கு ஒவ்வொரு நிறம் விற்கிறார்கள். மரபு வேண்டுமென்றால் சிவப்பை எடுங்கள்.

பணம் கொஞ்சம் அதிகம் செலவழிக்க முடிந்தால், ஷுன்கெய் அரக்குத் தட்டு அல்லது இச்சியி மரச் சிற்பம். முன்னது கண்ணாடி போன்ற அரக்கு, கீழே மரத்தின் ரேகை தெரிய வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், ரேகை தெளிவாக ஓடினால் நல்ல சரக்கு. பின்னது வண்ணமே பூசாமல் உளியால் மட்டும் செதுக்கியது. மரத்தின் வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் செம்பழுப்பு. அந்த இரண்டு நிறத்தையும் உருவத்தில் எங்கே விழவைக்கிறார் என்பதில்தான் சிற்பியின் திறமை. கடையில் கறுத்துப் பளபளக்கும் துண்டுதான் கண்ணை இழுக்கும். அது பல வருடம் அலமாரியில் இருந்து நிறமேறியது. வெளிறிய புதியதை வாங்குங்கள், உங்கள் வீட்டில் நிறமேறட்டும்.